கோச் பேசுகிறார்

ராய்ஸ் ஹெய்க்கிலாவுக்கு அந்த ஊரில் நிம்மதியாக ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்ளக்கூட முடிந்ததில்லை. பல் டாக்டர் இரண்டு விரலை வாய்க்குள் விட்டுக்கொண்டே, எதிரணியில் ஓர் ஆள் தண்டனைக்காக வெளியே உட்கார்ந்திருக்கும்போதுகூட நம் பையன்களுக்கு ஏன் கோல் அடிக்கத் தெரியவில்லை என்று கேட்பார். பதில் சொல்ல வாய் காலியாக இருக்காது. பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒருவன், சர்ச் வாசலில் ஒருத்தி, அதற்கும் மேலே பனி வாரும் வண்டிக்காரன் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வந்து கோல் கீப்பரை மாற்றச் சொல்லுவான். ஊர் என்றால் என்ன, ஏரிக்கரையில் ஒரு கல்லூரி, மூடிப்போன தாமிரச் சுரங்கம் ஒன்று, ஒரு ஐஸ் ஹாக்கி அணி. சுரங்கத்தைப் பற்றிப் பேச ஒன்றும் மிச்சமில்லை. கல்லூரிக்குள் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆக, மென்று தின்ன ஊருக்குக் கிடைத்தது ஹெட் கோச் ஒருவர்தான். பதினெட்டு வருடமாக மென்றுகொண்டிருந்தார்கள்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி ஜெனீனிடம், "கையெழுத்துப் போடல. இந்த சீசனோட சரி. கிளம்பிடலாம்" என்று அவர் சொன்னபோது, வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார்.

கல்லூரி இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்க முன்வந்திருந்தது. விளையாட்டுத் துறைத் தலைவர் வெர்னிடம் வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஜெனீனும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. வட கரோலினாவில் அவளுடைய சித்தி மகள் பெரிய செடி நர்சரி நடத்துகிறாள். முதுகு ஒத்துழைக்கவில்லை, பாதியை நீ எடுத்துக்கொள் என்று கூப்பிட்டிருந்தாள். ஜெனீன் படித்ததே தாவரம்தான். ராய்ஸ் உதவி கோச்சாக ஊர் ஊராக அலைந்தபோது கூடவே அலைந்து, கடைசியில் மே மாதம்வரை பனி கிடக்கிற இந்த ஊரில் வந்து விழுந்து, ஜன்னலோரத் தொட்டியில் தக்காளி வளர்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயதில் இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று அவளே நினைக்கவில்லை. ராய்ஸ் சொன்னதைக் கேட்டதும் அவள் எழுந்து, அவர் தட்டில் இன்னொரு முட்டையைப் போட்டாள். திங்கட்கிழமை காலை சித்தி மகளுக்கு போன் பண்ணி சரி என்று சொல்லிவிட்டாள்.

அன்று மாலை வானொலி நிகழ்ச்சி. சீசன் முழுக்க ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆர்னியின் பீட்சா கடையிலிருந்து நேரலை. பெயர், 'கோச் பேசுகிறார்'. நடத்துபவர் டக் பெலாஞ்சர். அவர் காதில் ஒன்று விழுந்தால் மைக்கே தேவையில்லை, ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். ஜெனீன் கடைக்குள் வருவதில்லை. வெளியே காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, ரேடியோவில் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் இருவரும் மீன் சாப்பிடப் போவார்கள்.

"வாயத் தொறந்து எதையும் உளறிடாத" என்று இறங்கும்போது சொன்னாள்.

"நானா?" என்றார் ராய்ஸ்.

உள்ளே கூட்டம் நிரம்பியிருந்தது. முன் மேசையில், எந்தத் திங்களும் தவறாத பழைய தபால்காரர் ஈனோ பீர் கோப்பையோடு மைக்கைப் பிடித்தார்.

"என்னய்யா கோச், சனிக்கிழமை நம்ம பசங்க ஐஸ் மேல ஆடத்தான போனாங்க? ஓட்டை போட்டு மீன் புடிக்கப் போன மாதிரி ஒரே இடத்துல நின்னாங்களே."

"மீனாவது சிக்கியிருந்தா வறுத்துத் தின்னுருக்கலாம், ஈனோ."

கடை சிரித்தது. பத்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள் என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டிருந்தபோது டக், கனடாவின் மானிடோபாவிலிருந்து ஒரு அழைப்பு என்றார்.

"கோச், நான் கார்த் பென்னர் பேசறேன்."

ராய்ஸ் மைக்கை அருகே இழுத்துக்கொண்டார். போன கோடையில் அந்த வீட்டுக்குப் போய், கார்த்தின் மனைவி செய்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகளை ஒரு தட்டு காலி செய்துவிட்டு, அவர்களுடைய மகனைத் தன் அணிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர் அவர். இந்தத் தொழிலில் பையன்கள் பதினாறு வயதிலேயே ஏதாவது ஒரு கல்லூரிக்கு வாக்குக் கொடுத்துவிடுவார்கள், வந்து சேர இரண்டு மூன்று வருடம் ஆகும். நடுவில் இருப்பது கோச்சின் வாய்ச்சொல் மட்டும்தான். உங்கள் பையன் பட்டம் வாங்குகிற வரை நான் அங்கேயே இருப்பேன் என்பார்கள் எல்லா கோச்சும். ராய்ஸும் சொல்லியிருந்தார்.

"நீங்க கிளம்பறீங்கன்னு இங்க ஒரு பேச்சு அடிபடுது. எனக்கு சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாது. உங்கள நம்பி என் பையன் ரெண்டு காலேஜ வேணாம்னுட்டான். அவன் வரும்போது நீங்க இருப்பீங்களா, மாட்டீங்களா?"

இதற்கு ஒரு பதில் உண்டு. என் கவனமெல்லாம் வெள்ளிக்கிழமை ஆட்டத்தின் மேல்தான் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பினாலும் எந்த கோச்சும் ஒப்பிப்பான். ராய்ஸும் காரில் வரும்போது அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"இருப்பேன், கார்த். உங்க வீட்ல உக்காந்து சொன்னது சொன்னதுதான். நாலு பேர் வந்து என்னைத் தூக்கிட்டுப் போனாத்தான் இந்த ஊர விட்டுப் போவேன்."

மேசைகள் அதிர்ந்தன. ஆர்னி சமையலறையிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்தார். ஈனோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த வெர்ன், கோப்பையை உயர்த்திக் காட்டினார். ஒப்பந்தம் அந்த நிமிடமே முடிந்துபோனது, கையெழுத்து சும்மா பேருக்கு.

கை குலுக்கல்களிலிருந்து பிய்த்துக்கொண்டு காருக்கு வருவதற்குள் ராய்ஸ் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துவிட்டார். கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தார்.

"மாட்டிக்கிட்டேன், ஜெனீன். நேரலைல வெச்சுக் கேட்டுட்டான். பெத்த தகப்பன். அத்தனை பேர் பாத்துட்டிருக்காங்க. நான் வேற என்ன சொல்றது?"

ஜெனீன் ரேடியோவை அணைத்தாள். அவள் கோபமாக இருந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

"கேட்டேன். நீ சொன்னத விட உன் குரலக் கேட்டேன். முப்பது வருஷமா கேக்கறேன், ராய்ஸ். தோத்தா எப்படி இருக்கும், புளுகினா எப்படி இருக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. அது மாட்டிக்கிட்டவன் குரல் இல்ல. அவ்வளவு சந்தோஷமா நீ பேசி ரொம்ப நாளாச்சு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். கைதட்டல் எழுந்தபோது தன் நெஞ்சுக்குள் இறங்கியது நிம்மதி என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நச்சரிக்கிறார்கள், கழுத்தைப் பிடிக்கிறார்கள் என்று இத்தனை வருடம் புலம்பியதெல்லாம், அவர்கள் கையை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது.

"மாட்டிக்கிட்டது நான்தான்" என்றாள் ஜெனீன். "அஞ்சு வருஷம் கழிச்சு எனக்கு அறுபத்தொண்ணு. அது உர மூட்டை தூக்கற வயசா?"

"கார்த்கிட்ட நான் தனியாப் பேசறேன். மெதுவா எடுத்துச் சொன்னா..."

"பேச மாட்ட."

உண்மைதான், பேச மாட்டார்.

ஜன்னலை யாரோ தட்டினார்கள். டக் நின்றிருந்தார், பின்னால் ஈனோவும் இன்னும் ஏழெட்டுப் பேரும். ஜெனீன் கண்ணாடியை இறக்கினாள்.

"உங்களுக்குத்தான் மொதல்ல நன்றி சொல்லணும், ஜெனீன்" என்றார் டக். "நீங்க மட்டும் கட்டிப் போட்டு வெக்கலேன்னா மனுஷன் எப்பவோ ஓடிப்போயிருப்பாரு."

ஒவ்வொரு சீசன் முடிவிலும் இதை யாராவது சொல்லுவார்கள். அட, நான் என்ன பண்ணினேன் என்று அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை ராய்ஸ் எதிர்பார்த்தார்.

"அவர் இருக்காரு, டக்" என்றாள் ஜெனீன். "நான் போறேன். மே மாசம், வட கரோலினாவுக்கு. என் சித்தி பொண்ணு நர்சரில சேரப்போறேன்."

டக் சிரிக்கப் பார்த்தார். "லீவுக்குத்தான?"

"இல்ல. குடியிருக்க. வேணும்னா நாளைக்கு ரேடியோல சொல்லிக்கோங்க."

ஈனோ குல்லாயைக் கழற்றி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார். ஜெனீன் கண்ணாடியை ஏற்றினாள்.

போயும் போயும் டக்கிடம் அவள் ஏன் சொன்னாள் என்று ராய்ஸுக்குப் புரிந்தது. இனி அவளே நினைத்தாலும் பின்வாங்க முடியாது. அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று அவள் நின்றுவிடுவாள். அதுவும் அவருக்குத் தெரியும். இதுவரை ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். அந்த வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பெல்ட்டப் போடு" என்றாள் ஜெனீன்.

ராய்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பெல்ட்டை இழுத்து மாட்டினார். வீடு வரும்வரை வாயைத் திறக்கவில்லை.