ஓடும்னு நினைக்கிறேன்

அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சரியானது. சரிசெய்த மெக்கானிக் கெட்டிக்காரர். மோட்டார் போடும் சத்தத்தைக் கேட்டே எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அன்று மொட்டைமாடியில் இருந்த மோட்டார் அறையில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பிரேக்கை மாற்றினார், இரும்புக் கயிறுகளை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார், காலி லிஃப்டை நாற்பது தடவை மேலும் கீழும் ஓட்டினார். அதற்குப் பிறகுதான் கீழே வந்தார்.

அங்கே குடியிருப்பவர்கள் கூட்டமாகக் காத்திருந்தார்கள். சங்கத் தலைவி எட்டாவது மாடிக்காரர். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. இரண்டு முழங்காலும் தகராறு.

"என்ன தம்பி, சரியாயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே அவர் லிஃப்டுக்குள் ஒரு காலை வைத்தார்.

மெக்கானிக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி, "அநேகமா ஓடும்னு நினைக்கிறேன்" என்றார்.

தலைவி வைத்த காலை எடுத்துவிட்டார்.

"அநேகமான்னா?"

"இல்லம்மா, ஓடும். ஓடணும். பிரச்சினை வராதுன்னு நம்புறேன்."

"வந்தா?"

"வந்தா... பார்த்துக்கலாம்."

யாரும் ஏறவில்லை. இத்தனைக்கும் இவருக்கு முன்னால் வந்துகொண்டிருந்த மெக்கானிக், அரைகுறையாக எதையோ முறுக்கிவிட்டு, "சிங்கம் மாதிரி ஓடும், ஏறுங்க!" என்று நெஞ்சைத் தட்டுவார். எல்லாரும் சிரித்த முகத்தோடு ஏறி, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். அப்படி மூன்று முறை மாட்டியும், நான்காவது முறை அவர் நெஞ்சைத் தட்டியபோதும் ஏறினார்கள்.

அடுத்த நான்கு நாளும் குறையே இல்லாத லிஃப்ட் வாயைத் திறந்துகொண்டு காலியாக நின்றது. பக்கத்துப் படிக்கட்டில் ஜனங்கள் நாக்குத் தள்ள ஏறினார்கள். ஆறாவது மாடிக்காரர் வெங்காயப் பையைக் கயிற்றில் கட்டி பால்கனி வழியாக இழுத்தார். பை கிழிந்ததில், கீழே நின்ற காவலாளி கிடைத்தவரை பொறுக்கிக்கொண்டார். தலைவி மாடிக்கு ஒரு நாற்காலி போட்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். காலையில் இறங்கினால் வீட்டுக்குப் போய்ச் சேர மதியமாகிவிடும்.

சனிக்கிழமை லிஃப்ட் கம்பெனி மேலாளர் மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"யோவ், லிஃப்ட்ல ஏறவே பயமா இருக்குன்னு எட்டு மாடியும் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க."

"லிஃப்ட்ல பழுது எதுவும் இல்லைன்னு நினைக்கிறேன் சார்."

"பழுது லிஃப்ட்ல இல்லய்யா, உன் வாயில இருக்கு. திங்கட்கிழமைக்குள்ள அதைச் சரி பண்ணு."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மனைவி பஸ் கண்டக்டர்.

"நெரிசல் நேரத்துல நான் போய், 'முடிஞ்சா கொஞ்சம் நகர முடியுமா, உள்ள இடம் இருக்கும்னு தோணுது'ன்னு சொன்னா, ஒருத்தராவது நகருவாங்களா? 'உள்ள போ, உள்ள போ, எல்லாம் காலியா கிடக்கு!' அவ்வளவுதான்."

"காலியா இருக்காதே?"

"அது அவங்க பாடு. சரி, நீங்க சொல்லுங்க. லிஃப்டுக்கு எத்தனை கயிறு?"

"அஞ்சு."

"ஒண்ணு அறுந்தா?"

"மத்த நாலும் தாங்கும்."

"நாலும் அறுந்தா?"

"அடியில இருக்கிற பிரேக் தானா பிடிச்சிடும்."

"அப்புறம் எதுக்குங்க நினைக்கிறீங்க? ஓடும்னு சொல்லித் தொலைங்களேன்!"

அன்று மாலையே பயிற்சி தொடங்கியது. மனைவி டியூட்டி விசிலை வாயில் வைத்துக்கொண்டார். 'அநேகமா' வந்தால் ஒரு விசில். 'நினைக்கிறேன்' வந்தால் நீளமாக ஒரு விசில்.

"சாப்பாட்டுல உப்பு சரியா இருக்குன்னு நினை..." விசில்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைன்னு..." விசில்.

"இப்படிப் பேசித்தான் என் கல்யாணமே தள்ளிப்போச்சு" என்றார் மனைவி. "சம்மதமான்னு கேட்டதுக்கு 'சம்மதம்னு நினைக்கிறேன்'னீங்க. எங்கப்பா மேற்கொண்டு மூணு மாசம் மாப்பிள்ளை தேடினார்."

ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் பக்கத்து வீட்டுக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். மெக்கானிக்கும் திருந்திவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் கட்டடத்துக்குப் போனார். தலைவி முதல் மாடி நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் தொண்டையைச் செருமினார். நாக்கு நுனிவரை வந்த 'அநேகமா'வை எச்சிலோடு விழுங்கினார்.

"லிஃப்ட் ஓடும்" என்றார்.

தலைவி நிமிர்ந்து பார்த்தார். "ஓடுமா?"

"ஓடும்."

அவ்வளவுதான். நிமிஷத்தில் பதினான்கு பேர் உள்ளே அடைந்துகொண்டார்கள். எட்டுப் பேருக்கான லிஃப்ட் அது. பாரம் தாங்காமல் மணி அலறியது. அவர் பழையபடி இருந்திருந்தால், "யாராவது சிலபேர், சிரமம் இல்லைன்னா..." என்று இழுத்திருப்பார், ஒருவரும் அசைந்திருக்க மாட்டார்கள். இன்று, "ஆறு பேர் இறங்குங்க" என்றார். எட்டுப் பேர் இறங்கிவிட்டார்கள். இரண்டு பேரை அவரே திரும்ப ஏற்றினார்.

அதுவரை 'ஏம்ப்பா' என்று கூப்பிட்ட காவலாளி அன்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு 'சார்' என்றார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு, "சார், இந்தப் பல்வலி எப்ப போகும்?" என்று கேட்டார்.

மெக்கானிக்குக்குப் புதுக் குரலை அடக்க முடியவில்லை. "நாளைக்குப் போயிடும்."

போய்விட்டது.

செய்தி மாடி மாடியாக ஏறியது. அடுத்த வாரம் எண்ணெய் போட வந்தவரை மூன்றாவது மாடிக்காரர் மறித்து, மகன் பரீட்சையில் தேறுவானா என்று கேட்டார். "தேறுவான்." ஏழாவது மாடிப் பெண், காணாமல்போன பூனை திரும்புமா என்று கேட்டாள். "திரும்பும்." அவருக்கு அந்தப் பையனையும் தெரியாது, பூனையையும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் ஜனங்கள் தலையாட்டும்போது உடம்பில் ஒரு கிளுகிளுப்பு. ஓரங்குலம் உயரமாகிவிட்டதுபோல் இருந்தது.

அன்றே தலைவி வானத்தைப் பார்த்துக் கேட்டார். "கருக்கலா இருக்கே, மழை வருமா?"

"வராது."

கட்டடமே போர்வை, திரைச்சீலை, மெத்தை உறை எல்லாவற்றையும் துவைத்து மொட்டைமாடி முழுக்கக் காயப்போட்டது. பிற்பகல் மூன்று மணிக்குக் கொட்டித் தீர்த்தது பாருங்கள், மோட்டார் அறை வாசலில் நின்றிருந்த மெக்கானிக்கைச் சுற்றி எட்டு மாடி ஈரத்துணியும் எட்டு மாடிக் கோபமும் நின்றன.

"மழை வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்" என்றார் அவர். ஓட இடமில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "எனக்கு லிஃப்ட் தெரியும்மா. மழையப்பத்தி ஒரு மண்ணும் தெரியாது. சொன்னது தப்பு."

இழுக்கவில்லை, மென்று விழுங்கவில்லை. நெருக்கிக்கொண்டு நின்ற கூட்டம் ஓரடி பின்வாங்கியது. பிறகு தலைவி பக்கத்திலிருந்தவர் பக்கம் சாய்ந்து, "தெரியாதுங்கிறதைக்கூட என்ன தெளிவா சொல்றார் பார்த்தீங்களா?" என்றார்.

"ஆமாமா, விஷயம் தெரிஞ்ச மனுஷன்" என்றார் மற்றவர், போர்வையைப் பிழிந்துகொண்டே.

பிழிந்த தண்ணீர் மெக்கானிக்கின் செருப்பில் விழுந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.