படத்தில் நாய் இல்லை

எனக்குச் சினிமாப் பைத்தியம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வட்டுக்கோட்டையில் எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நடிகனுடைய பிறந்தநாளும் எனக்குத் தெரியாது. யார் இயக்கியது என்றும் பார்ப்பதில்லை. பெயர்கள் ஓடும் நேரத்தில்தான் நான் கைப்பைக்குள் ஒளித்துக் கொண்டுபோன கச்சான் கடலைச் சரையைத் தேடுவேன். சண்டை தொடங்கினால் சின்ன நித்திரை ஒன்றும் கொள்வேன். ஆனாலும் மாதத்தில் இரண்டு மூன்று சனிக்கிழமை, திருநெல்வேலியில் நான் வேலை செய்கிற போட்டோக்கொப்பிக் கடையில் அரைநாளோடு இறங்கி, பலாலி வீதியில் பஸ் பிடித்து, யாழ்ப்பாண ரவுணுக்குப் போய்ப் படம் பார்க்கிறேன்.

"புருசன் கனடாவிலை, பெண்சாதி தியேட்டரிலை," என்பார் அம்மா. ஒன்றினால்தான் மற்றது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

என் கணவர் சுபாஸ்கரன் ரொறன்ரோவில் இருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் அளவெட்டியில் ஒரு கோவிலில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. மூன்று கிழமை, இருபத்தொரு நாள், லீவில் வந்தவர். அதில் ஒரு கிழமை விருந்துச் சாப்பாட்டில் போனது, ஒரு கிழமை பதிவுக்கும் பத்திரத்துக்கும் கந்தோர் கந்தோராக அலைந்ததில் போனது. மிச்சம் இருந்ததில்தான் நாங்கள் புருசன் பெண்சாதி. என்னை அங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவல் இன்றைக்குச் சரிவரும், நாளைக்குச் சரிவரும் என்று அன்றிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

மூன்று கிழமை பழகின மனுசனோடு மூன்று வருடம் என்னத்தைக் கதைப்பது? சொந்தக்காரர் எல்லாரையும் முதல் மாதத்திலேயே கதைத்து முடித்துவிட்டோம். அதற்குப் பிறகு எங்கள் கதை இப்படித்தான் போனது.

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம். அங்கை குளிரோ?"

"குளிர்தான். அங்கை வெயிலோ?"

"வெயில்தான்."

பிறகு இரண்டு பேரும் மூச்சு விடுவோம். வீடியோவில் வந்தால் இன்னும் மோசம், இருவருக்கும் வெட்கம் வந்து மூச்சும் நின்றுவிடும்.

படம் பார்க்கும் யோசனை அவருடையது. "ஒரே படத்தைச் சனிக்கிழமை நீங்கள் அங்கை பாருங்கோ, நான் இஞ்சை பாக்கிறன். முடிஞ்சாப்பிறகு கதைப்பம்," என்றார். எனக்கு ஞாயிறு விடிந்து பிட்டுக்கு மா குழைக்கிற நேரம், அவருக்குச் சனி இரவு. அந்த நேரத்துக்குத்தான் அழைப்பு வரும். எப்போதும் "நீங்கள் முதல் சொல்லுங்கோ," என்பார். மரியாதை தெரிந்த மனுசன் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டு தொடங்குவேன். சண்டை சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். சண்டைப் பிரியராக்கும் என்று நினைத்து, நான் நித்திரையில் தவறவிட்ட சண்டைகளையெல்லாம் பஸ்ஸில் வரும்போது லவீனாவிடம் கேட்டு வைத்துக்கொள்வேன். லவீனா என்னோடு கடையில் புத்தகம் கட்டுகிறவள், படத்துக்கும் துணைக்கு வருகிறவள். யார் யாருக்கு எத்தனை குத்து விட்டான் என்று பிசகாமல் சொல்லுவாள்.

நான் உண்மையில் பார்க்கிறது வேறு. கதாநாயகி வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பாள், பின்னால் அவன் வந்து செம்பில் தண்ணீர் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவான். கதைக்கு அது தேவையே இல்லை. கொடியில் அவனுடைய சேர்ட்டும் அவளுடைய சீலையும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு காயும். அந்த இடங்களில் எனக்குக் கச்சான் கொறிக்கவும் மறந்துவிடும். சுவிஸ் மலையில் ஆடுகிறவர்களைப் பார்த்து எனக்கு ஒரு பொறாமையும் இல்லை. சமையல் காஸ் முடிந்துபோனதற்குச் சண்டை பிடிக்கிறவர்களைக் கண்டால்தான் வயிறு எரியும்.

அதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால், "எப்ப என்னைக் கூப்பிடுவீங்கள்?" என்று கேட்டமாதிரி ஆகிவிடும். அவர் "என்ன செய்யிறது, இழுத்தடிக்கிறாங்கள்," என்று ஈனக் குரலில் சொன்னால், அந்தக் குரலை நான் கிழமை முழுக்கக் காவித்திரிய வேண்டும். அதற்குச் சண்டைக்காட்சி சொல்வது பரவாயில்லை.

எனக்கு ஆகக் கோபம் வருவது விமான நிலையக் காட்சிகளில். அவன் ஓடுவான், காவலாளிகள் துரத்துவார்கள், அவள் திரும்பிப் பார்ப்பாள், விமானமே நின்றுவிடும். எங்கள் ஆட்கள் எவராவது ஓடியிருக்கிறார்களா? ஒரு வான் பிடித்து, பெரியம்மா சின்னம்மா எல்லாரையும் ஏற்றி, கட்டுச் சோறும் கட்டிக்கொண்டு விடியவிடியக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போவோம். இவரை ஏற்றிவிடப் போன அன்றும் அப்படித்தான். இவரை முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருத்தினார்கள். பெரியம்மாவுக்கு ஓட்டத்தில் தலை சுற்றிச் சத்தி வரும் என்று யன்னல் கரையை அவருக்குக் கொடுத்து, நான் கடைசி வரிசையில் பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். வட்டுக்கோட்டையிலிருந்து கட்டுநாயக்கா வரைக்கும் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு போனதுதான் எங்கள் பிரிவுக் காட்சி. உள்ளே போகுமுன் எல்லாருக்கும் பொதுவாக "போட்டு வாறன்," என்றார். எல்லாரும் "ஓம்," என்றார்கள். நானும் அதில் ஒருத்தியாக "ஓம்," என்றேன்.

போன சனிக்கிழமை பார்த்த படத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தின் டிரெய்லரில் ஒரு குடைக் காட்சி இருந்தது. கொட்டுகிற மழையில் இரண்டு பேரும் ஒரு குடைக்குள் நிற்பார்கள். அவள் குடையைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிரிப்பாள். அதற்காகவே லவீனா ஒரு மாதம் காத்திருந்தாள். படம் முடிந்து விளக்கும் போட்டுவிட்டார்கள், குடை வரவில்லை. வெட்டி எறிந்துவிட்டார்கள். "ஏமாத்துக்காரர்! டிரெய்லரிலை ஒண்டைக் காட்டிப்போட்டு!" என்று பஸ் நிலையம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். எனக்கும் வீடு வந்து சேரும்போது காதுக்குள் குடைதான்.

மறுநாள் காலை அழைப்பு வந்தபோது நான் குசினியில் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். போனைச் சீனிப் பேணியில் சாய்த்து வைத்து, "எனக்குக் கை அலுவல். இண்டைக்கு நீங்கள் முதல் சொல்லுங்கோ," என்றேன்.

கொஞ்சம் தயங்கினார். பிறகு, "நல்ல படம் என்ன? அந்தக் குடைக் காட்சி சோக்கா எடுத்திருக்கிறாங்கள்," என்றார்.

என் கை நின்றது. ஒருவேளை கனடாவுக்கு அனுப்பிய படத்தில் வெட்டாமல் விட்டார்களோ? "அது எந்த இடத்திலை வந்தது?" என்றேன்.

"நடுவிலை... நடுவுக்குக் கொஞ்சம் பிறகு."

என் பொல்லாத புத்தி வேலை செய்தது. "அந்த நாய் சாகிற இடத்திலை நான் அழுதிட்டன்," என்றேன்.

"ஓம், பாவம்," என்றார். "எனக்கும் ஒருமாதிரிப் போச்சு."

படத்தில் நாயே இல்லை. ஒரு நாய் குரைக்கிற சத்தம்கூட இல்லை.

தேங்காய்ப் பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனோடு எழும்பிப் பின்பக்கம் வந்தேன். கனடா மாப்பிள்ளைமாரின் கதைகள் எங்கள் பக்கத்தில் ஆயிரம் உண்டு. அங்கே ஒரு குடும்பம், இங்கே ஒரு தாலி. கேள்விப்படும்போதெல்லாம் "எங்கடை ஆள் அப்பிடியில்லை," என்று நான்தான் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் இந்த மனுசன் எங்கே போகிறார்? யாரோடு போகிறார்? மூன்று வருடமாக நான் தாலிக்கொடியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு யாருக்குப் படம் சொன்னேன்?

"படத்திலை நாய் இல்லை," என்றேன்.

"ஆ?" என்றார்.

"குடையும் இல்லை. வெட்டிப்போட்டாங்கள். நீங்கள் படம் பாக்கேல்லை."

"ஆரணி..."

"எத்தினை படம் இப்பிடிப் பாக்காமல் விட்டனீங்கள்? சனிக்கிழமையிலை ஆரிட்டைப் போறனீங்கள்? சொல்லுங்கோ! இருந்தால் இருக்கெண்டு சொல்லுங்கோ, நான் என்ரை பாட்டைப் பாக்கிறன். என்னை என்ன விசரி எண்டு நினைச்சீங்களோ?"

அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கிணற்றடியில் நின்ற அம்மா வாளியைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்.

"நீ விசர்க் கதை கதையாதை!" என்று அவரும் கத்தினார். "ஆரிட்டைப் போறது? வேலைக்குப் போறனான். சனிக்கிழமை பின்னேரமும் வேலைக்குத்தான் போறனான்."

நீ என்றார். எங்கள் பக்கத்தில் மனுசியை நீர் என்பார்கள், நெருங்கிவிட்டால் நீ என்பார்கள். இவர் மூன்று வருடமாக, வங்கியில் பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்வதுபோல நீங்கள், நீங்கள் என்றுதான் கதைத்தார். கோபம் தலைக்கேறிய நேரத்திலும் அந்த ஒரு எழுத்து என்னைப் பிடித்து நிறுத்தியது.

"முதல் படத்துக்குப் போனனான்," என்றார், குரல் இறங்கி. "சத்தியமாப் போனனான். எனக்கு முன் வரிசையிலை ஒரு மனுசனும் மனுசியும். அந்த மனுசி படம் முழுக்க, உவன் ஆர், உவன் ஏன் அழுறான், உவள் உவனுக்கு என்ன முறை எண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. அவரும் பாவம், ஒவ்வொண்டா விளங்கப்படுத்திக்கொண்டு இருந்தார். பக்கத்திலை இருந்தவைக்கு ஆய்க்கினை, ஏசிச்சினம். எனக்குப் பக்கத்திலை இருந்து கேக்க ஆருமில்லை, அதைப் பாத்துக்கொண்டு இருக்கேலாமல் போச்சு. பாதியிலை எழும்பி வந்து காருக்குள்ளை இருந்தனான். அதுக்குப் பிறகு போகேல்லை."

"அப்ப ஏன் பாத்தனான் எண்டு சொன்னனீங்கள்?"

"நான் பாக்கேல்லையெண்டால் நீயும் போகமாட்டாய். நீ போகாட்டி எனக்கு ஆர் படம் சொல்லுறது?" என்றார். "கிழமை முழுக்கப் பெட்டி தூக்கேக்கை, சனியிரவு நீ படம் சொல்லுவாய் எண்டதுதான் எனக்கு இருந்தது. மூண்டு வருசமா நான் பாத்த படமெல்லாம் நீ சொன்ன படம்தான்."

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன். அம்மா வாளியோடு உள்ளே போனார். எனக்கு நிம்மதியும் வந்தது, அதற்குப் பின்னாலேயே பெரிய துக்கமும் வந்தது. நான் சொன்ன படம்தான் அவர் பார்த்த படம் என்றால், பாவம், மூன்று வருடமாக இந்த மனுசனுக்கு நான் காட்டினது வெறும் அடிதடி. ஒரு வீடு காட்டவில்லை. ஒரு குசினி காட்டவில்லை.

"நேற்றையப் படத்தைச் சொல்லு," என்றார்.

"சண்டையைச் சொல்லட்டோ?"

"எனக்குச் சண்டை பிடிக்கும் எண்டு ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே விழுந்து விழுந்து சிரிக்கிறனீங்கள்."

"நீ சொல்லுற விதத்துக்கல்லோ சிரிச்சனான்."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "அப்ப வேறை ஒரு இடம் சொல்லுறன். அவன் வேலையாலை பிந்தி வாறான். அவள் பாத்துப் பாத்து இருந்திட்டுப் படுத்திட்டாள். சோத்தை மூடி வைச்சிருக்கிறாள். லைற்றைப் போட்டால் அவள் எழும்பிடுவாள் எண்டு அவன் இருட்டுக்கை இருந்து சாப்பிடுறான். சாப்பிட்ட கோப்பையைச் சத்தம் வராமல் கழுவி வைக்கிறான். ஆனால் அவள் நித்திரையில்லை. எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள்."

"பிறகு?"

"பிறகு ஒண்டுமில்லையப்பா. அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒரு வீட்டிலை இருக்கினம்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். அறவில்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொருக்காச் சொல்லு," என்றார்.