இடவலம் மாறிய தாள்

என் கணவர் ஆம்புரோஸ் கெல்ட் கடற்போர் ஓவியர். கடலும் புகையும் அவர் வேலை. கொடி, கயிறு, கப்பல் முகப்பிலிருக்கும் மரச்சிற்பம் என்று பொடி வேலையெல்லாம் என் கையில். பிரெஞ்சுக்காரர்களின் தீவுக் கோட்டையைத் தாக்கப் போனபோது, கப்பற்படைத் தலைவர் கமடோர் ஸ்ட்ரவுட் ஆம்புரோஸையும் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். வெற்றியை வரைய ஆள் வேண்டுமே!

கோட்டை விழுந்தது. ஆனால் ஸ்ட்ரவுட்டின் கப்பல் குண்டு எட்டாத தூரத்தில் பத்திரமாக நின்றுவிட்டது. மதிலுக்கு அடியில் போய் அடி வாங்கியது கேப்டன் வின்டரின் 'ஸ்வான்', முகப்பில் அன்னம் செதுக்கிய கப்பல். ஆம்புரோஸ் அதைக் கண்ணால் பார்த்து, அங்கேயே வரைந்தார். லண்டன் திரும்பியதும் ஸ்ட்ரவுட் கதையையே புரட்டிப் போட்டார். பயந்து பின்வாங்கியது வின்டராம். கப்பற்படை விசாரணை வைத்தார்கள். குற்றம் உறுதியானால் சுட்டுக் கொல்வார்கள்.

ஸ்ட்ரவுட் எங்கள் ஓவியக்கூடத்துக்கு வந்தார்.

"கெல்ட், மதிலுக்குக் கீழ நிக்கிறது யார் கப்பல்?"

"வின்டரோடதுங்க ஐயா."

"கண்ணை நல்லாத் துடைச்சிட்டுப் பாருய்யா. அது என்னோடது."

நான் தூரிகையை எடுத்து, முகப்பிலிருந்த அன்னத்தை அழித்து, ஸ்ட்ரவுட் கப்பலின் சிங்கத்தை வைத்தேன்.

"வீட்டுக்காரம்மாவுக்குத்தான்யா மூளை இருக்கு" என்று சிரித்தார்.

மறுவாரம் வின்டரின் மனைவி ஹெஸ்டர் வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"மிஸ்டர் கெல்ட், நீங்க அங்கயே வரைஞ்சீங்களாமே. அந்தத் தாளைக் குடுங்க. கோர்ட்ல காட்டணும். எங்க கப்பல் ஆளுங்க சொன்னா நம்ப மாட்டாங்க, வேற சாட்சி இல்ல."

ஆம்புரோஸ் பெட்டியைத் திறந்து அசல் தாளை எடுத்தே விட்டார். அந்த மனிதருக்கு முதுகெலும்பு முளைப்பது எப்போதும் தப்பான நேரத்தில்தான். தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"இது அழுக்கா இருக்கும்மா. சுத்தமா ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வரேன்."

அப்படி ஒன்று இருந்தது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தால் படம் இடவலம் மாறிவிடும். அதனால் செதுக்குபவருக்கு என்று முன்கூட்டியே மாற்றி வரைந்து கொடுப்போம். அன்னம் இருந்தபோது நான் வரைந்த அந்தத் தாள் இப்போது வீண். அதன் கீழ் ஓரத்தில் 'செதுக்குபவருக்கு, இடவலம் மாற்றியது' என்று எழுதியிருந்தேன். உள்ளே போய் அந்த ஓரத்தைக் கத்தரித்தேன்.

ஹெஸ்டர் அன்னத்தை மட்டும்தான் தேடினாள். கண்டதும் என் கையைப் பிடித்து முத்தமிட்டாள். எனக்கு வெட்கமாக இல்லை. எங்கள் பிழைப்பில் மண் விழாது என்ற நிம்மதிதான் இருந்தது. ஆம்புரோஸைச் சாட்சிக்கு அழைத்துக் கடிதம் வந்தபோது, அவருக்குக் கடும் காய்ச்சல் என்று நானே பதில் எழுதினேன்.

விசாரணையில் நடந்ததை ஸ்ட்ரவுட் எங்கள் வீட்டுக்கே வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தாளைப் பார்த்த உடனே மாலுமிகள் கொல்லென்று சிரித்தார்களாம். அன்றைக்கு மேற்கிலிருந்து காற்று; படத்தில் கொடிகள் மேற்கு நோக்கிப் பறந்தன. கிழக்கு முனைக் கோபுரம் மேற்கே நின்றது.

"தலைமை நீதிபதி என்ன கேட்டார் தெரியுமா? 'ஏம்ப்பா வின்டர், உன் கப்பல்ல அத்தனை பேருமே இடக்கை வாள் வீச்சுக்காரங்களா?'ன்னார். சாராயக்கடையில உக்காந்து வரைஞ்ச படம்னு தூக்கிப் போட்டாங்க. அவன் பொண்டாட்டி குனிஞ்சு பொறுக்கிக்கிட்டா."

தீர்ப்பான எட்டாம் நாள் காலை, கப்பல் மேல்தளத்தில் வைத்து வின்டரைச் சுட்டார்கள்.

வசந்த காலத்தில் அச்சுப்படம் விற்பனைக்கு வந்தது. கடையின் கண்ணாடி ஜன்னலில் மாட்டியிருந்தார்கள். எப்படி விற்கிறது என்று பார்க்க நான் உள்ளே நின்றிருந்தேன். வெளியே கறுப்பு உடையில் ஹெஸ்டர் வந்து நின்றாள். வெகுநேரம் படத்தையே பார்த்தாள். பிறகு பையிலிருந்த தாளை எடுத்தாள். அதன் முகத்தைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். கடையின் விளக்கொளி தாளை ஊடுருவி அவள் பக்கம் விழுந்தது. பின்பக்கத்திலிருந்து பார்க்கிறவளுக்குக் கோபுரமும் காற்றும் வாளும் தத்தம் இடத்துக்கு வந்திருக்கும், பக்கத்தில் மாட்டியிருந்த அச்சுப்படத்தில் இருப்பது போலவே. அச்சுப்படத்தில் அன்னம் மட்டும்தான் இல்லை; அதன் இடத்தில் சிங்கம்.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். உள்ளே வந்து தாளை என் முன்னால் விரித்தாள். கோணலாக வெட்டுப்பட்ட கீழ் ஓரத்தை விரலால் தடவினாள்.

"இங்க என்ன எழுதியிருந்தது, மிசஸ் கெல்ட்?"

பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை நான். ஆனாலும் எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன்.

"எழுதினது?"

"நான்தான்."

"வெட்டினது?"

"அதுவும் நான்தான்."

திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் தாளை என் பக்கமாக நகர்த்தினாள்.

"அவரு கடைசி ராத்திரி ஒரு கடுதாசி எழுதினாரு. மிசஸ் கெல்ட்டுக்கு என் நன்றியைச் சொல்லிடுன்னு அதுல இருக்கு. சொல்லிட்டேன்."

கடைமணி ஒலிக்க வெளியே போனாள். அந்தத் தாளை நெருப்பில் போட எனக்கு இன்றுவரை கை வரவில்லை.