பேர் வெட்டிய தவா

கலியபெருமாள் இரும்புத் தோசைக்கல்லைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மகளின் புகுந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நெல்லித்தோப்புத் தெருக்குழாயில் காலைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை இரும்பு கொண்டுபோகக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு நாள் தள்ளிப்போட மனசு கேட்கவில்லை. மகள் சுமலதாவுக்கு ஏழு மாதம்.

தட்டாஞ்சாவடியில் அவருடையது சின்னப் பட்டறை. அலுமினியத் தவாவுக்கு மாவு ஒட்டாத கறுப்புப் பூச்சு அடித்துக் கொடுப்பது தொழில். சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மற்றவர்கள் குடமும் குத்துவிளக்கும் தூக்கிக்கொண்டு வருவார்கள். இவர் தன் பட்டறைத் தவாவில் பேர் வெட்டி எடுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் நிற்பார். அதில் ஐயாவுக்கு ஒரு கர்வம், இல்லாமல் என்ன. மகளுக்குச் சீராக வைத்த தவாவில் மட்டும் ஆசை ஆசையாக ஒரு கோட்டிங் கூடுதலாகவே அடித்தார். முந்தாநாள் பட்டறைக்கு வந்த அரசாங்க அதிகாரி, அந்தப் பழைய பூச்சு இனிமேல் சமையல் பாத்திரத்துக்குக் கூடாது என்று சொல்லிப் பூச்சு டின்களுக்கு சீல் வைத்தார். “மண்ணுல போட்டாலும் மக்காது, ஒடம்புல சேந்தாலும் லேசுல போவாது. தாய்கிட்டேர்ந்து புள்ளைக்கும் போவும்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். டின்கள் போனதைப் பற்றிக் கலியபெருமாளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்தக் கூடுதல் கோட்டிங்தான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

உண்மையைச் சொன்னால் மகள் அந்த வீட்டில் தலைநிமிர முடியாது. வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டே வந்தார்.

மகளின் மாமியார் நிர்மலா அடுப்படியில் அந்தத் தவாவிலேயே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். சுமலதா பக்கத்தில் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தவா பழைய மாடலு சம்பந்தியம்மா. இந்தக் கல்லக் குடுத்துட்டு அத எடுத்துனு போலாம்னு வந்தேன்.”

நிர்மலாவின் முகம் சுருங்கிவிட்டது. “குடுத்த சீர யாராச்சும் திருப்பி வாங்குவாங்களா? அதுவும் புள்ளத்தாச்சி இருக்கற வூட்டுக்கு சனிக்கெழமையில இரும்பத் தூக்கினு வந்துருக்கீங்க. நான் அத கம்பி போட்டுத் தேச்சதுகூட இல்ல. துணியாலதான் தொடச்சி வெக்கறேன். நீங்க குடுத்ததுலயே தெனம் பொழங்கறது அதுதான் சம்பந்தி.”

அவள் சண்டைக்கு வந்திருந்தால் பொய்யை எப்படியாவது ஒப்பேற்றியிருப்பார். இவ்வளவு பிரியமாக வைத்திருக்கிறாளே என்றதும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“அந்தப் பூச்சு ஒடம்புக்கு ஆவாதும்மா. கவர்மெண்டுல தட பண்ணிட்டாங்க. வயித்துப் புள்ளைக்கும் போவுமாம். சத்தியமா எனக்குத் தெரியாது. என் கையாலதான் அடிச்சேன்.”

நிர்மலா அடுப்பை அணைத்தாள். தவாவில் தோசை பாதி வெந்து கிடந்தது. அவள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

சுமலதாவின் வாயில் ஒரு விள்ளல் இருந்தது. மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். அதை விழுங்கவும் பயம், மாமியார் எதிரில் துப்பவும் கூச்சம். இடது கை தானாக வயிற்றின் மேல் போயிருந்தது. கண் கலங்க அப்பாவையே பார்த்தாள்.

கலியபெருமாள் கல்லைத் தரையில் வைத்துவிட்டு மகள் முன்னால் குந்தினார். உள்ளங்கையைக் குழித்து அவள் வாய்க்குக் கீழே நீட்டினார்.