காய்ந்த விறகு

அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கட்டைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தகர வாளியில் போட்டார் அதெல்கி. வாளி நிறைந்ததும் வாசலுக்குத் தூக்கிப்போய் மழையில் கொட்டினார். சுர்ரென்று புகை எழுந்து முகத்தில் அடித்தது. நல்ல விறகு. இந்த வீடு இதற்குமுன் இப்படி ஒரு விறகைப் பார்த்ததில்லை.

"ஒரு கங்குகூட வேணாம்ணே, எல்லாத்தையும் அள்ளிடுங்க," என்று உள்ளேயிருந்து எர்சிலியா சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி, அவர் மகளுக்கு ஞானத்தாய். "நாளன்னிக்குத்தானே அடக்கம். அதுவரைக்கும் அக்கா கெடாம இருக்க வேணாமா? ரூமு கொதிக்குது."

ஜன்னலையும் திறக்கச் சொன்னாள். சட்டென்று திறக்க வரவில்லை. அன்று காலையில்தான் அதெல்கி இடுக்கு விடாமல் மாவுப்பசை தடவிச் செய்தித்தாளைக் கிழித்து ஒட்டியிருந்தார். பசை இறுகிவிட்டது. கத்தியால் கீறித் திறந்தார். கடல்காற்று நேராக உள்ளே வந்து அவர் மனைவி நோல்ஃபாவின் தலைமாட்டில் இருந்த மெழுகுவர்த்தியை அணைத்தது. எர்சிலியா மறுபடி ஏற்றினாள்.

நாற்பது வருஷமாக நோல்ஃபா கேட்டது இதைத்தான். பூமியின் தென்கோடியில் இருக்கும் அந்தத் தீவில் ஏப்ரல் பிறந்து இலையுதிர்கால மழை பிடித்துக்கொண்டால் ஆரம்பிப்பாள்: ஜன்னலை ஒட்டுங்க, புகைக்குழாயைத் தட்டுங்க, காய்ஞ்ச வெறகு வாங்குங்க. விறகை வெளியில் வாங்குவது அதெல்கிக்கு மானக்கேடு. தன் காட்டில் தானே வெட்டுவார். அதையும் தாமதமாக வெட்டுவார். விறகு ஈரமாகவே இருக்கும், வீடு புகையுமே தவிரச் சூடாகாது. இந்த வருஷம் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. குளிர்காலம் முடியும்வரை அக்கரையில் போர்ட்டோ மோன்ட் நகரில் மகள் யஸ்னா வீட்டில் இருந்துவிட்டு வரலாம், அங்கே கேஸ் கணப்பு இருக்கிறது என்றாள். அவர் முடியவே முடியாது என்றார்.

வியாழக்கிழமை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "நீங்களும் உங்க ஈர வெறகும் கட்டிப்புடிச்சுக்கிட்டுக் கெடங்க," என்று எழுந்துபோனவள்தான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. பேச்சை நிறுத்துவதில் நோல்ஃபாவை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை கிறிஸ்துமஸிலிருந்து மார்ச்சில் ஆப்பிள் பறிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். நாலு நாள் எல்லாம் அவளுக்கு ஒரு கணக்கே இல்லை.

இன்று, நாலாம் நாள், அதெல்கிதான் இறங்கிவந்தார். எர்சிலியாவின் புருஷனிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்று ஒரு வண்டி காய்ந்த விறகு கேட்டார். குழாயைத் தட்டிக் கரியை இறக்கினார். ஜன்னலை ஒட்டினார். மதியம் அடுப்பை மூட்டி, மணக்கட்டும் என்று அதன்மேல் ஆரஞ்சுத் தோல் வைத்தார். நோல்ஃபா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அவள் காலடியில் புது ஆட்டுத்தோல் ஒன்றை விரித்தார். தரைக் குளிருக்குப் பயந்து அவள் வீட்டுக்குள்ளும் ஷூவைக் கழற்றுவதில்லை. அப்போதும் போட்டுத்தான் இருந்தாள்.

"இதுக்கப்புறமும் குளிர்ந்தா சொல்லு," என்றார். "போர்ட்டோ மோன்ட்டுக்கே போயிடலாம். நானும் வரேன்."

பதில் இல்லை. வரும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. கொட்டகைக்குப் போய் விறகு பிளந்தார். திரும்பி வந்து அடுப்பில் போட்டார், அவள் கம்பளியை மோவாய்வரை இழுத்துவிட்டார். கன்னம் கதகதப்பாக இருந்தது. அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நாலு மணிக்கு எர்சிலியா முட்டை கொண்டுவந்தபோது வாசலிலேயே மறித்து, "உஷ்... கோவமா இருக்கா. தூங்கற மாதிரி நடிக்கறா," என்று கண்ணடித்தார். ஐந்து மணிக்கு அவள் உருளைக்கிழங்கு ரொட்டியோடு மறுபடி வந்தாள். இந்தத் தடவை அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "சமாதானமாப் போங்கக்கா," என்று நோல்ஃபாவின் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

சுகாதார நிலையத்திலிருந்து வந்த நர்ஸ், சின்ன வயசுப் பையன், நெடுநேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "உயிர் எப்போ போச்சுன்னு சொல்ல முடியலைங்க ஐயா. ரூமு இவ்வளவு சூடா இருக்கறதால உடம்பு ஆறவே இல்லை. ஒரு மணியாவும் இருக்கலாம், நாலாவும் இருக்கலாம். அஞ்சுன்னு எழுதிக்கறேன்."

போர்ட்டோ மோன்ட்டுக்குப் போகலாம் என்று அதெல்கி சொன்னது இரண்டு மணிக்கு. அவள் அதைக் கேட்டாளா? செத்துப்போனதைவிட அதுதான் அவரை அரித்தது.

கடைசி வாளியைக் கொட்டிவிட்டு வந்தபோதுதான் கவனித்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் அவளுடைய ஷூ இரண்டும் ஜோடியாக இருந்தன. தோலை விரித்தபோது அவை அவள் காலில் இருந்தன. அப்படியென்றால் அவர் விறகு பிளக்கப் போன நேரத்தில் கழற்றியிருக்கிறாள். காலைத் தோல்மேல் வைத்துச் சூடு பார்த்திருக்கிறாள். வாயால் சொல்ல அவளுக்கு மனசு வராது. இதுதான் அவள் பதில்.

ஏழு மணிக்கு யஸ்னா படகில் கடல் தாண்டி, நனைந்து வந்து சேர்ந்தாள். அம்மாவின் மேல் விழுந்து அழுது ஓய்ந்தாள். ஜெபமாலை சொல்ல வந்த பெண்கள் கோட்டைக் கழற்றாமல் சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். பேசினால் வாயிலிருந்து ஆவி வந்தது.

"அம்மா கடைசியா என்னப்பா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலைம்மா. உங்கிட்ட வரலாம்னு நான் சொன்னேன். அவ ஷூவைக் கழட்டிட்டா." யஸ்னா புரியாமல் பார்த்தாள். அவர் எர்சிலியா பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ வந்தப்போ கழட்டித்தானே இருந்துச்சு?"

எர்சிலியாதான் உடம்பைக் கழுவித் துணி மாற்றியவள். மனசில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைப்பவள். இப்போது அவள் யஸ்னாவைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த கெட்டிலைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே. கழட்டித்தான் இருந்துச்சு. கால் ரெண்டும் தோல்மேலதான் இருந்துச்சு."

"பாத்தியா," என்றார் அதெல்கி மகளிடம். அவளுக்குக் காட்டுவதற்காகக் குனிந்து ஒரு ஷூவை எடுத்தார். நாடா துளைகளிலிருந்து முழுக்க உருவப்பட்டு ஷூவுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மற்றதிலும் அப்படியே. உயிரோடு இருக்கிறவர்கள் முடிச்சை அவிழ்த்துக் காலை உருவிக்கொள்வார்கள். விறைத்த காலிலிருந்து கழற்றத்தான் நாடாவை இப்படி உருவவேண்டியிருக்கும்.

எர்சிலியா கெட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பெண்கள் ஜெபத்தைத் தொடங்கினார்கள். யஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காட்டுங்கப்பா," என்று கையை நீட்டினாள்.

"இரும்மா," என்றார் அவர். மகளுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, விறைத்த விரல்களால் நாடாவை ஒவ்வொரு துளையாகக் கோக்கத் தொடங்கினார்.