கைகாட்டி இறங்கும்வரை

சிவப்புப் பென்சில் இன்னும் இறங்கவில்லை, முப்பது என்று எழுதியிருக்கிற எண்ணுக்கு ஒரு சாண் மேலே, மிஸ் தெல்மாவின் மெலிந்த விரல்களுக்கு நடுவே, முனை சற்றுச் சாய்ந்தபடி நிற்கிறது, வகுப்பில் யாரும் மூச்சு விடவில்லை, ஜன்னலுக்கு வெளியே லோகோ ஷெட்டின் புகைகூட மேலே போகாமல் நின்ற இடத்தில் நின்று பார்க்கிறது, நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் பார்த்ததைச் சொல்கிறேன், பென்சில் இறங்கினால் நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன், இறங்காவிட்டால் திங்கட்கிழமை காலை ஷெட்டில் இன்ஜின் துடைக்கிற கலாசி, ஃபோர்மேனிடம் அப்பா பேசி முடித்தாயிற்று, நீலத் துணியில் சட்டைக்கு அளவும் எடுத்தாயிற்று, ஆங்கில இலக்கியத்தில் முப்பத்தைந்து வேண்டும், முப்பது இருக்கிறது, நடுவில் இருக்கிற ஐந்தைத் தேடித்தான் நான் அந்த வாரம் முழுக்க அலைந்தேன், இப்போதும் மதியத்தில் கண் அசந்தால் அலைகிறேன், எண்பதைத் தாண்டிய காலோடு, காலில் செருப்பில்லாமல், கக்கத்தில் பாடப் புத்தகத்தோடு, எங்கள் ஜங்ஷன் கடைத்தெருவில், என்னைப் பார்த்ததும் கடைகள் சாத்திக்கொள்கின்றன.

கடை சாத்தியதற்குக் காரணம் மிஸ் தெல்மாதான், எக்ஸ்ட்ரா மார்க் கொடுப்பதில் அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது, வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் அதைக் கேள்விப்பட்டதில்லை, ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, பெண்மணி, குதிகால் செருப்பும் பூப்போட்ட கவுனும், தமிழ் பேசினால் வினைச்சொற்கள் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும், ஆனால் கவிதை வாசித்தால் ஷெட்டிலிருந்து இன்ஜின்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு கேட்கும், கவிதை காதுக்குத்தான் மேன், டிக்ஷனரிக்கு இல்லே, என்பார், அதனால் மார்க் குறைந்தவர்களுக்கு அவர் வைத்த நிபந்தனை இதுதான், பாடத்தில் இருக்கிற நீளமான கவிதையை மனப்பாடம் செய்து, இங்கிலீஷே தெரியாத ஒருவருக்கு ஒப்பிக்க வேண்டும், முடிகிறவரை அவர் எழுந்திருக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை அவரே வகுப்புக்கு வந்து தனக்கு என்ன புரிந்தது என்று தமிழில் சொல்ல வேண்டும், பாதியில் எழுந்திருந்தால் மார்க் கிடையாது, வராவிட்டாலும் கிடையாது.

கவிதையோ சுலபமாக முடிகிற கவிதை இல்லை, கலங்கரை விளக்கத்தில் ஒரு காவல்காரன், புயல், எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிற விளக்கு, கடலில் எங்கேயோ தம்பி வருகிற படகு, வருமா வராதா என்று பக்கம் பக்கமாகப் போகும், கடலையே பார்த்திராத நான் அதைப் பாலாற்று மணலில் நடந்து நடந்து உருப்போட்டேன், கடைசிக்கு முந்தின பத்திவரை தண்ணீர் மாதிரி வரும், கடைசிப் பத்தியில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும், மார்க் குறைந்தவன் நான் ஒருத்தன் இல்லை, பாதி வகுப்பு புத்தகமும் கையுமாக இங்கிலீஷ் தெரியாத ஆளைத் தேடித் தெருவில் இறங்கியது, முதல் இரண்டு நாள் ஊர் பொறுத்துக்கொண்டது, மூன்றாம் நாள் முடிவெட்டுகிற கடையில் பாதித் தாடியோடு ஒருவர் கவிதைக்குப் பயந்து ஓடி, சேலம் போகிற வண்டியில் ஏறிப் போய்விட்டார், அந்தப் பாதித் தாடியோடுதான் பின்னால் அவருக்குக் கல்யாணம் நடந்தது, அதற்குப் பிறகு மார்க்கெட்டில் பாடப் புத்தகத்தின் பச்சை அட்டை தெரிந்தாலே ஜனம் சந்துகளில் மறையும், வகுப்பில் கில்பர்ட் மட்டும் சமர்த்து, மௌன விரதம் இருக்கிற சாமியார் ஒருவரைப் பிடித்தான், அவர் முழுவதும் கேட்டார், வகுப்புக்கும் வந்தார், என்ன புரிந்தது என்று கேட்டதற்கு ஒன்றும் சொல்லாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார், கவிதையிலே அந்த ஆள் அப்படித்தானே கடலைப் பார்க்கிறான் என்று மிஸ் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டார்.

எனக்குக் கிடைத்தது எருமை, பால்காரி சம்பூரணத்தின் எருமை, ரயில்வே வேலியோரம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது, மனுஷர் யாரும் அகப்படாத ஆத்திரத்தில் அதன் எதிரில் நின்று ஆரம்பித்தேன், அது காதை நிமிர்த்தியது, அசைபோடுவதை நிறுத்தியது, கடைசிப் பத்தியில் நான் தடுமாறியபோதுகூட என் முகத்தையே பார்த்துக் காத்திருந்தது, முடித்தபின்தான் எழுந்தது, என் மார்பில் ஒரு முட்டு முட்டிவிட்டுப் போயிற்று, மறுநாள் சம்பூரணம் சண்டைக்கு வந்தாள், ஏண்டா முனிரத்தினம் மவனே, என் மாட்டுக்கு இன்னாடா ஓதுன, கறக்கப் போனா மடிய வுட்டுட்டு கடலத் தேடிக்கினு கெழக்கப் பாத்து நிக்குது, என்றாள், என்ன செய்ய, கேட்டவர்களிலேயே அதுதான் நல்ல ரசிகர், ஆனால் வெள்ளிக்கிழமை வந்து தமிழில் சொல்லாதே.

வியாழக்கிழமை மதியம் வேறு வழியில்லாமல் அப்பா வேலை பார்க்கிற சிக்னல் கேபின் படியேறினேன், மரப்படிகள், வெயில், மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் வரிசையாக, தண்டவாளத்துக் கைகாட்டிகளை இறக்குகிற லீவர்கள், அவற்றின் எஃகுப் பிடி பளபளக்கிறது, அப்பா துணி சுற்றாமல் அதைத் தொட மாட்டார், வெறுங்கை பட்டால் வேர்வையில் துருப்பிடிக்குமாம், அங்கே ஒரு ஸ்டூலும் உண்டு, அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை, குந்தினா கண்ணு சொக்கும், கண்ணு சொக்கினா கைகாட்டி எறங்காது, என்பார், எறங்காட்டி வண்டி வராது, வண்டி வராட்டி நாம எதுக்கு. நான் வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன், அவர் துணியை மடித்துக்கொண்டே கேட்டார், பாட்டு கேட்டா மார்க்கு போடுவாங்களா, இன்னாடா பள்ளிக்கூடம் அது. ஆமாம்பா, ஆனா நடுவில எழுந்துடக் கூடாது. எழுந்தா? எழுந்தா திங்கக்கிழமை நான் ஷெட்டுக்கு. அவர் தண்டவாளத்தைப் பார்த்தார், சொல்லு, நின்னுக்கினே கேக்குறேன், என்றார்.

சொல்கிறேன், இதோ இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மருமகள் காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டு யார்கிட்ட மாமா பேசறீங்க என்கிறாள், காபியில் ஆடை கட்டுகிறது, புயல் கட்டுகிறது, காவல்காரன் திரியைத் தூண்டுகிறான், அப்பா லீவரில் கைவைத்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார், கேட்கிறாரா இல்லையா தெரியவில்லை, கடைசிக்கு முந்தின பத்தியில் மணி அடித்தது, கூட்ஸ் வண்டி வருகிறது என்று அர்த்தம், அவர் லீவரை இழுக்க வேண்டும், இழுத்தால் கூண்டு முழுவதும் இரும்புச் சத்தம் எழும், ஒரு வார்த்தை காதில் விழாது, நான் நிறுத்தினேன். முடி, என்றார். வண்டிப்பா. தெரியுது, முடி. கடைசிப் பத்தி வரவில்லை, முதல் சொல்லே வரவில்லை, எப்போதும் போல நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, வெளியே மேட்டில் ஏறிக்கொண்டிருந்த கூட்ஸ் கைகாட்டி இறங்காததைப் பார்த்துக் கத்தியது, ஒருமுறை, பிறகு நீளமாக, டெலிபோனில் ஸ்டேஷன் மாஸ்டர், யோவ் முனிரத்தினம், கை ஏன்யா எறங்கல, அப்பா டெலிபோனைக் கொக்கியில் மாட்டினார், துணி சுற்றிய கை லீவரின் மேலேயே இருக்கிறது, நரம்பு புடைத்திருக்கிறது, ஒரு வண்டியையும் ஒருநாளும் காக்கவைக்காத கை, அது எனக்காக லீவரை இழுக்காமல் நிற்பதைப் பார்த்தேன், பார்த்ததும் எங்கிருந்தோ கடைசிப் பத்தி வந்து வாயில் விழுந்தது, கத்தினேன், படகு தெரிகிறது என்று, விளக்கு அணைந்தபின்பு படகு தெரிகிறது என்று, முடிந்தது என்றேன், லீவர் விழுந்தது, தூரத்தில் கைகாட்டி இறங்கியது.

ஆனால் மேட்டில் நின்றுபோன கூட்ஸ் சும்மா கிளம்புமா, சக்கரம் சுற்றிச் சுற்றி அங்கேயே நின்றது, பின்னாலிருந்து தள்ள இன்னொரு இன்ஜின் வந்தது, அதற்குள் அதன் பின்னால் வந்த மெயில் நின்றது, மெயிலில் ஒரு பெரிய அதிகாரி இருந்தார், மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டியவர், அவர் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி தின்றுவிட்டு எதிர் வீட்டுப் பெண்ணை நிச்சயம் செய்துகொண்டு போயிருந்தார்கள், வெள்ளிக்கிழமை காலையிலேயே மெமோ வந்துவிட்டது, வண்டியைத் தாமதித்த காரணத்தை மறுநாள் மதியத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், காரணம் சரியில்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் பள்ளிக்கூடச் சம்பளம் ஏது, எனக்கு ஐந்து மார்க் வந்தும் புண்ணியமில்லை, இரண்டும் ஒரே முடிச்சாகிவிட்டது.

அப்பா வகுப்புக்கு வந்தார், டியூட்டி உடுப்போடு, தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கரும்பலகை ஓரமாக, மிஸ் நாற்காலி காட்டினார், உட்காரவில்லை. நீங்க நடுவிலே எழுந்தான்? மிஸ் கேட்டார். நான் குந்தவே இல்லீங்களே டீச்சரம்மா, அப்புறம் எங்க எழுந்துக்கறது. பெஞ்சுகள் சிரித்தன, மிஸ் பென்சிலால் மேஜையைத் தட்டினார், சிரிப்பு நின்றது. சரி, உங்களுக்கு என்ன புரிஞ்சான்? அப்பா என்னைப் பார்த்தார், நான் அவருக்குக் காலையில் சொல்லிக்கொடுத்திருந்தேன், கடல், விளக்கு, படகு, தம்பி, நாலே சொல், நாலையும் சொன்னால் போதும், அவர் வாய் திறந்தது, எனக்கு ஒண்ணும் புரியலீங்க, என்றார். கில்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான். ஒண்ணுமே? ஒண்ணுமே இல்லீங்க, அங்க ஒரு வண்டி கத்துது, இங்க இவன் வார்த்தை கெடைக்காம நிக்கிறான், எதை நிறுத்தறதுன்னு பாத்தேன், வண்டிய நிறுத்தினேன், அவ்ளோதான். பிறகு சட்டைப் பையிலிருந்து மெமோவை எடுத்து, கேட்கத் தயங்கி, இதுல இன்னா போட்டுக்கீதுன்னு முழுசா வெளங்கலீங்க, பதில் இங்கிலீசுலதான் எழுதணுமாம், நாளிக்கே, என்று நீட்டினார்.

மிஸ் வாசித்தார், அவர் முகத்தில் பவுடர் தனியாகத் தெரிந்தது, எழுந்துவந்து ஒரு வெள்ளைத் தாளை என் முன் வைத்தார், அந்த மார்க் போச்சு மேன், புரியலேன்னு சொல்லிட்டான், இது வேறே எக்ஸ்ட்ரா மார்க், நீ எழுது, இங்கேயே, இப்பவே, பெல் அடிக்கறதுக்குள்ளே. நான் உண்மையை எழுத ஆரம்பித்தேன், என் மகன் கவிதை சொல்லிக்கொண்டிருந்தபடியால், என்று எழுதிப் பார்த்தேன், அந்த ஒரு வரியே அப்பாவை வீட்டுக்கு அனுப்பப் போதுமானது, அடித்தேன், ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், வேலியோரம் சம்பூரணத்தின் எருமை கிழக்கே பார்த்துப் படுத்திருந்தது, இப்படித்தான் ஆரம்பித்தது, அதற்குப் பிறகு நான் சொன்ன அத்தனை கதைக்கும் அந்த எருமைதான் பொறுப்பு.

எழுதினேன், மேற்படி நேரத்தில் ஓர் எருமை கைகாட்டியை இழுக்கிற கம்பியின்மேல் படுத்திருந்தபடியால் கை இறங்க வழியில்லை, தமிழில் எத்தனை அதட்டியும் எழவில்லை, அவ்வேளை அங்கிருந்த என் மகன், உயர்நிலைப் பள்ளி மாணவன், அதற்கு ஆங்கிலக் கவிதை ஒன்றை ஒப்பித்தான், எருமை அதை மரியாதையுடன் முழுதும் கேட்டு, முடிந்த பிறகே எழுந்தது, கவிதையின் நீளமே தாமதத்தின் நீளம், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த. இன்னாடா எழுதின, படி, என்றார் அப்பா, தமிழில் சொன்னேன், சொல்லச் சொல்ல என் குரல் உள்ளே போயிற்று, பொய் பேசுகிற ஆளோடு டீ கூடக் குடிக்காத மனுஷர், ஒருமுறை கடைக்காரன் மிச்சத்தைக் கூடக் கொடுத்தான் என்று இரண்டு ஸ்டேஷன் நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்தவர், தாளை வாங்கிக் கிழிக்கப் போகிறார் என்றே நினைத்தேன், அவர் வெகுநேரம் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார், படுத்துக்கினு இருந்துச்சின்னு எழுதாத, என்றார், அத்தாம்பெரிய எருமை மேல படுத்தா கம்பி அறுந்துபூடும், கம்பியில கால் மாட்டிக்கினு நின்னுச்சின்னு போடு, நான் குந்தவே இல்லன்னும் போடு.

திருத்தி எழுதியதை மிஸ்ஸின் மேஜையில் வைத்தேன், மெமோவுக்குப் பதில் அடுத்த வாரம் வந்தது, விளக்கம் ஏற்கப்பட்டது, இனி அந்த மாணவனை வேலியருகே தயாராக வைத்திருக்கவும் என்று, ஆனால் அது அடுத்த வாரம், இங்கே இன்னும் வெள்ளிக்கிழமை, மிஸ் தெல்மா தாளையும் என்னையும் அப்பாவையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார், பக்கத்தில் என் விடைத்தாள், அதன் தலையில் முப்பது, அதற்குமேல் பென்சில். இந்த எருமை இருக்கான்? இருக்கு மிஸ், அதோ. நீ நிஜமா அதுக்குச் சொன்னான்? சொன்னேன் மிஸ். நடுவிலே எழுந்தான்? எழுந்திருக்கலை மிஸ். முடியறவரைக்கும்? முடியறவரைக்கும்.

எங்கோ மேட்டில் ஒரு கூட்ஸ் கத்துகிறது, நீளமாக, அப்பா கரும்பலகை ஓரத்தில் துணி சுற்றிய கையோடு நிற்கிறார், மருமகள் காபியைச் சூடாக்கிக்கொண்டு வந்து மறுபடியும் வைக்கிறாள், பென்சில், தூரத்துக் கைகாட்டி மாதிரி, முதலில் ஒரு சின்ன அசைவு, அப்புறம் ஒரேயடியாக, இறங்குகிறது, பூஜ்யத்தின் இடது இடுப்பை உடைத்து, மேலே ஒரு கோடு இழுத்து, அதையே ஐந்தாக்குகிறது, இரும்புச் சத்தம் கேட்கிறது, பெஞ்சுகளுக்கு நடுவே கூட்ஸ் நுழைகிறது, கரி ஏற்றிய பெட்டிகள் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அப்பா நின்றபடியே எண்ணி அனுப்புகிறார், கடைசிப் பெட்டியில் கார்டுக்குப் பக்கத்தில் கொம்பைச் சாய்த்து எருமை நிற்கிறது, என்னைக் கடக்கும்போது அசைபோடுவதை நிறுத்துகிறது, காதை நிமிர்த்துகிறது, கடைசிப் பத்திக்காகக் காத்திருக்கிறது.