ஹார்பாட்டில் காரின் வலது பாதி

1

இந்தக் கதைக்குக் காரணம் ஓர் அவரைக்கொடி. இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் என் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், பழைய பந்தயக் கார் ஒன்றின் கூட்டின் மேல் அது படர்ந்திருந்தது. "ஹார்பாட்டில் கார். ஒரு காலத்துல எல்லாரையும் அலற விட்டுச்சு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மற்றதெல்லாம் என் கற்பனை. ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவன் பந்தயக் கார் கதை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

"1961இன் மழைக்காலை ஒன்றில், இங்கிலாந்தின் மாபெரும் பொறியாளர் சிரில் ஹார்பாட்டில்..."

வேண்டாம். சிரில் மாபெரும் ஆளெல்லாம் இல்லை. பழைய கோழிக் கொட்டகையின் தரையில் சாக்பீஸால் காரை முழு அளவில் வரைந்து, அந்தக் கோடுகளின் மேலேயே இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைக்கிறவர். காகிதமே கிடையாது. அவர் மனைவி மியூரியல்தான் பந்தயத்தில் ஓட்டுவாள். நான்கு வருடம் கோப்பைகளை அள்ளினார்கள்.

[எழுச்சியை ஒரே வரியில் முடித்துவிட்டேன். ஜெயிப்பதைப் பற்றி எழுத எனக்கு வராது.]

3

வீழ்ச்சி நன்றாக வரும். ஆறு கார் வாங்க ஒரு பிரபு வருவதாகச் செய்தி. புதிய கார் அப்போது தரையில் கோடாக மட்டுமே இருந்தது. கூட்டுகிற பெண் அதை அழித்துவிட்டதாக முதலில் எழுதினேன். மியூரியல் சண்டைக்கே வந்துவிட்டாள்.

"ஏங்க எழுத்தாளரே, துடைப்பம் பிடிச்சவ தலையிலதான் பழியப் போடணுமா? எங்க வீட்டுக்காரர் பண்ணின கூத்துங்க அது."

உண்மைதான். பெரிய மனிதர் வரும்போது தரை அழுக்காக இருக்கலாமா என்று கூசிப்போன சிரில், தானே வாளியோடு இறங்கிப் பளிச்சென்று கழுவிவிட்டார்.

"என்னங்க, கார் எங்க?"

"எந்தக் கார்?" என்றவர் கீழே பார்த்தார். "ஐயோ, மியூரியல்!"

"விடுங்க. தரையாவது அவருக்குப் பிடிக்கும்."

பிரபு தரையைப் பாராட்டினார், தேநீர் குடித்தார், கிளம்பிவிட்டார். இல்லாத காரை யார் வாங்குவார்கள்?

4

இருவரும் மண்டியிட்டு மறுபடி வரைந்தார்கள். இடது பாதி மியூரியல், வலது பாதி சிரில். தினமும் தேநீர்க் கோப்பையோடு அந்தக் கோடுகளை மிதிக்காமல் தாண்டியவள் அவள்; இருந்ததை இருந்தபடியே போட்டாள். சிரிலோ தான் ஆசைப்பட்ட காரை வரைந்துவிட்டார்.*

அந்தக் கோடுகளின் மேல் பற்றவைத்த கார் வலது வளைவில் திரும்பினால், எடை மியூரியல் வரைந்த இடப்பக்கம் சாயும். கார் சமர்த்தாகப் போகும். இடது வளைவில் எடை சிரிலின் பக்கம் வரும். கார் சண்டித்தனம் பண்ணும். எங்கள் ஊர்ப் பந்தயத் தடங்களில் வலது வளைவுகளே அதிகம் என்பதால் கொஞ்ச காலம் பிழைப்பு ஓடியது.

* பொறியாளர்கள் யாரும் கோபிக்க வேண்டாம்.

5

கடைசிப் பந்தயம். ஜெயித்தால் கொட்டகைக்கு இன்னும் ஒரு வருடம். தோற்றால் திங்கட்கிழமை பூட்டு. மியூரியல் முன்னால் போகிறாள். மீதம் ஒரே வளைவு, அதுவும் இடது.

முடிவு அ: ஜெயிக்கிறாள், சிரில் அழுகிறார். முடிவு ஆ: கார் தடத்தின் ஓரம் அடுக்கிய வைக்கோல் கட்டுகளில் போய்ச் செருகி...

இரண்டையும் அவளிடம் காட்டினேன்.

"ரெண்டும் வேணாம். அவரு பாதி தாங்குமான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

"கொஞ்சம் வேகத்தைக் குறைக்கலாமேம்மா?"

"இத்தன வருஷமா அவரு போட்ட கோட்ட நம்பித்தானே ஓட்டுறேன். இப்ப மட்டும் என்னவாம்?"

எடை முழுவதும் சிரிலின் பக்கம் சாய்கிறது. அவள் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. நான் காகிதத்திலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன்; இனி நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.